முழந்தாளில் நின்ற தூதுவர்

நேயர்களே, வெளிநாடொன்றின் தலைநகரத்திலே முதன்முதலாகப் போய் இறங்கும் ஒருவருக்கு உண்டாகும் மனத் திகைப்பைப் பற்றி நம்மவர்கள் நிறையவே எழுதியிருக்கின்றார்கள். இலண்டன், பாரிஸ், ஒஸ்லோ போன்ற நகரங்களின் குளிரும் மௌனமும் நமது புலம்பெயர் எழுத்துகளில் மீண்டும் மீண்டும் இடம்பெற்றுவிட்டன. திகைப்பவர் நாம், திகைக்க வைப்பது ஐரோப்பா என்பது இவற்றில் பெரும்பாலானவற்றின் பாங்கு. இதன் மறுபக்கத்தை இன்று சற்றுத் திருப்பிப் பார்க்கலாம் என எண்ணுகின்றேன். ஐரோப்பியர் நமது மலைநாட்டுத் தலைநகரொன்றில் வந்து திகைத்து நின்ற கதை அது. அந்தத் தலைநகர் கண்டி.

இன்று நாம் மூன்று மணித்தியால ரயில் பயணத்தில் கொழும்பிலிருந்து கண்டிக்குப் போய்விடுகின்றோம். ஆனால், 1592 இல் முதலாம் விமலதர்மசூரியன் அரசேறியது தொடக்கம் 1815 வரை, 220 ஆண்டுகளுக்கு மேலாக, கண்டி தனியொரு நாட்டின் தலைநகரமாயிருந்தது. இடைக்கிடையே மன்னர்கள் ஹங்குராங்கெத்த போன்ற இடங்களில் தங்கியிருந்தாலும், அரசின் இருப்பிடம் என்ற பெயர் கண்டிக்கே உரியதாயிற்று. கரையோரத்தைப் போர்த்துக்கேயரும், பின்னர் ஒல்லாந்தரும், அதன் பின்னர் ஆங்கிலேயரும் ஆண்டனர். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் ஒல்லாந்தரின் ஆட்சிக்குள் வாழ்ந்த நம் முன்னோருக்குங்கூட கண்டி வேறொரு நாட்டின் தலைநகரந்தான்.

அந்தத் தலைநகருக்குள் வந்த அந்நியர் பலர் குறிப்புகள் எழுதி வைத்துள்ளனர். அவர்களுள் சிலரை வரிசையாகச் சந்திப்போம்.

முதலாமவர் ஒல்லாந்தத் தளபதி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன். இவர் 1602 இல் மட்டக்களப்பில் வந்திறங்கிக் காடும் மலையும் கடந்து யூலை மாதத்தில் கண்டியை அடைந்தார். விமலதர்மசூரியன் இளமையில் போர்த்துக்கேயரிடையே வளர்ந்து, ஞானஸ்நானமும் பெற்று, பின்னர் அவர்களை எதிர்த்து அரசமைத்தவன். ஆகவே, ஐரோப்பியரின் நடையுடை பாவனைகள் அவனுக்குப் புதியவையல்ல. அவன் விருந்தாளிக்கு நகரத்து விகாரைகளையும் அங்குள்ள எண்ணற்ற சிலைகளையும் காட்டச் செய்து, இவற்றைப் பற்றி என்ன நினைக்கின்றீர் என்று கேட்டான். உயிரற்ற உருவங்களைவிட உயிருள்ள மனிதரையே தாம் பெரிதாக மதிப்பதாகத் தளபதி விடை கூறினார். அவ்வாறாயின், உமது நாட்டுத் தேவாலயங்களிலே போர்த்துக்கேயருடையவற்றைப் போல மரியாள், பேதுரு, பவுல் முதலியோரின் உருவங்கள் இல்லையா என்று மன்னன் வினவினான். தாங்கள் கிறிஸ்தவர்களே ஆயினும் உரோமைச் சபையினர் அல்லர் என்றும், தங்கள் தேவாலயங்களில் வெறுஞ்சுவர்களே உள்ளன என்றும் ஸ்பில்பேர்கன் கூறினார்.

இந்தச் சிறிய உரையாடலைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு முறுவல் தோன்றும். ஊர் பார்க்க வந்தவர் விருந்தளித்தவனின் கோயிலைப் பார்த்துத் திகைக்கின்றார். விருந்தளித்தவனோ, சுவரைத் தவிர வேறொன்றுமில்லாத கோயிலும் உலகில் உண்டா என்று வியக்கின்றான். திகைப்பு இருபுறமும் சமமாக இருந்தது. இருவருக்கும் போர்த்துக்கேயர் பொது எதிரி. ஆதலால் அந்தத் திகைப்பு நட்பாகவே முடிந்தது.

ஆனால், மறு ஆண்டிலேயே நிலைமை மாறிற்று. 1603 இல் வந்த மற்றொரு ஒல்லாந்தத் தளபதியான செபால்ட் டி வேர்ட், தாம் பிடித்த போர்த்துக்கேயரை மன்னனின் விருப்பத்துக்கு மாறாக விடுவித்தார். மட்டக்களப்பிலே மன்னன் தமது கப்பலுக்கு வரவேண்டுமென வற்புறுத்தி, அரசியைப் பற்றியும் தகாத சொல்லொன்றைச் சொன்னார். அவரும் அவருடன் வந்த பலரும் அங்கேயே கொல்லப்பட்டனர். ஒரு சபையிலே எதைச் சொல்லலாம், எதைச் சொல்லலாகாது என்பதை அறியாமை உயிரையும் வாங்கும் என்பதற்கு இது சான்று.

இரண்டாமவரை நீங்கள் அறிவீர்கள். ரொபட் நொக்ஸ் ஊர் பார்க்க வந்தவரல்லர். புயலில் சேதமுற்ற கப்பலோடு வந்து, 1660 ஏப்பிரலில் கொட்டியாரக் குடாவில் தந்தையுடனும் மாலுமிகளுடனும் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களால் பிடிக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 19. தந்தை மறு ஆண்டே காய்ச்சலால் இறந்தார். மகன் ஏறத்தாழ 20 ஆண்டுகள் கண்டி இராச்சியத்தின் கிராமங்களிலே கழித்தார். தொப்பி பின்னி விற்றார். நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். கண்டிக்கு அண்மையிலுள்ள எலதெத்தவிலே வீடும் தோட்டமும் தேடிக்கொண்டார். மாட்டிறைச்சி உண்போர் என்று வெள்ளையரை ஊரார் இழிவாகப் பேசியதையும் அவர் மறைக்காமல் எழுதியுள்ளார்.

நொக்ஸின் நூலில் என் மனத்தைத் தொட்ட இடம் அதன் இறுதிப் பகுதியில் உள்ளது. 1679 ஒக்டோபரில் அவரும் தோழர் ஸ்டீபன் ரட்லண்டும் அநுராதபுரத்துக் காடுகளினூடாக மல்வத்து ஓயாவைப் பின்பற்றி நடந்து, அரிப்பிலிருந்த ஒல்லாந்தக் கோட்டையை அடைந்தனர். பின்னர் தம் இனத்தவரின் வீட்டில் உணவுண்ண அமர்ந்தபோது, நிலத்தில் அமர்ந்து இலையில் உண்டு பழகிய தமக்குக் கதிரையும் மேசையும் பீங்கான் தட்டுகளும் விசித்திரமாகத் தோன்றின என்று அவர் எழுதுகின்றார். சொந்த இனத்தவரின் மேசையே அவருக்கு அந்நிய தேசமாகிவிட்டது. நீண்ட காலம் வெளிநாட்டில் வாழ்ந்துவிட்டு ஊர் திரும்பும் நம்மவர் எவருக்கும் இந்த இடத்தை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இனி, இன்றைய பேச்சின் நடுநாயகமான ஆளிடம் வருகின்றேன். அவர் பெயர் ஜோன் பைபஸ். சென்னைப் பட்டினத்து ஆங்கிலக் கம்பனியின் சபை உறுப்பினர். ஒல்லாந்தரோடு பகைகொண்டிருந்த கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் ஆங்கிலேயரின் உதவியை நாடியதனால், 1762 மே மாதத்தில் அவர் திருகோணமலையில் இறங்கிக் கண்டிக்குச் சென்றார்.

கண்டிக்கு வரும் தூதுவர் நினைத்தபடி நகருக்குள் நுழைய முடியாது. பாதைகள் ஒடுங்கியவை, வேண்டுமென்றே அவ்வாறு விடப்பட்டவை. ஒவ்வோர் எல்லையிலும் தடை உண்டு. அங்கே மன்னனின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டும். மகாவலி கங்கைக்கு இப்பாலுள்ள கன்னொறுவையில் ஒல்லாந்தத் தூதுவர்களைத் தங்கவைப்பது வழக்கமாயிருந்தது. 1638 இல் போர்த்துக்கேயர் படை முற்றாக அழிந்த அதே கன்னொறுவைதான். அரண்மனைக்கு அழைப்பு வருவது இரவிலே. தீவட்டி வெளிச்சத்தில் ஊர்வலம் புறப்படும். நகரை இஷ்டப்படி சுற்றிப் பார்க்கும் உரிமை விருந்தாளிக்குக் கிடையாது. பார்க்க வேண்டியவற்றை அரசே தீர்மானித்தது.

பைபஸ் சபைக்குள் சென்றபோது பாதணிகளைக் கழற்றச் சொன்னார்கள். சென்னை ஆளுநரின் கடிதத்தை வெள்ளித் தட்டிலே வைத்துத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடிக்க வேண்டும் என்றார்கள். திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக விலகின. பொன்னிழை அங்கியும் மணிகள் பதித்த முடியும் விரல் நிறைந்த மோதிரங்களுமாக மன்னன் அமர்ந்திருந்தான். கம்பனியின் சபை உறுப்பினர் முழந்தாளில் நின்றார். மன்னனின் ஒரு சொல் தூதுவரை வந்து சேர்வதற்குள் பல வாய்களைக் கடந்தது. மறுமொழியும் அவ்வாறே ஏறிச் சென்றது. முழங்கால் நோக நோக நின்ற அந்த இரவு அவருக்கு மறக்கக்கூடியதாக இருக்கவில்லை என்பது அவரது அறிக்கையைப் படிப்போருக்கு விளங்கும்.

இந்த இடத்தில் ஐரோப்பிய எழுத்தாளர் பலர் கீழைத்தேய மன்னரின் ஆணவம் என்ற தீர்ப்பை எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். தமிழறிந்த நாம் சற்று நிற்க வேண்டும். ஒருவருடைய கட்டளையை ஏற்பதற்கு நமது மொழியிலுள்ள சொல் என்ன? சிரமேற்கொள்ளுதல். அது வெறும் உவமையன்று. சோழர் காலத்துச் செப்பேடுகளைப் பாருங்கள். அரசனின் திருமுகம் வருகின்றதென்று அறிந்ததும் நாட்டார் எதிர்கொண்டு சென்று தொழுது, அதனை வாங்கித் தலைமேல் வைத்துக்கொண்ட செய்தி அவற்றில் கூறப்படுகின்றது. ஓலை என்பது அதனை அனுப்பியவரின் திருவுருவம். அதனைத் தலைமேல் வைப்பது அனுப்பியவருக்குச் செய்யும் மரியாதை.

அப்படியானால் பைபஸின் தலைக்கு மேலே இருந்தது யாருடைய ஓலை? அவருடைய சொந்த ஆளுநரின் ஓலை! கண்டிச் சபை அந்த இரவிலே தூதுவரை முழந்தாளிடச் செய்தது உண்மை. ஆனால், அவரை அனுப்பியவரின் கடிதத்தை எல்லோர் தலைக்கும் மேலாக உயர்த்தி வைத்ததும் அதே சபைதான். ஒரு பாதியைத் தூதுவரின் முழங்கால் உணர்ந்தது. மறுபாதியை உணர்த்த அங்கே யாரும் இருக்கவில்லை.

இன்னொன்றையும் பைபஸ் அறிந்திருப்பாரோ என்பது ஐயம். திரைக்குப் பின்னாலிருந்த அந்த மன்னனே ஒரு காலத்தில் இந்த நகருக்கு அந்நியனாக வந்தவன்தான்.

1739 இல் நரேந்திரசிங்கன் வாரிசின்றி இறந்தபோது, மதுரை நாயக்கர் வழிவந்த அவனது அரசியின் சகோதரன் ஸ்ரீ விஜய இராசசிங்கன் என்ற பெயரில் அரசேறினான். அவனுக்குப் பின் 1747 இல் பட்டத்துக்கு வந்தவனே கீர்த்தி ஸ்ரீ. தென்னிந்தியாவிலே பிறந்த சைவக் குடும்பத்துப் பிள்ளை, பௌத்தத்தின் காவலனாக இருக்க வேண்டிய சிம்மாசனத்தில் அமர்ந்தான். புதிய நகரம், புதிய மொழி, புதிய சமயக் கடமைகள். தூதுவருக்கு ஓர் இரவுத் திகைப்பு. இவனுக்கோ வாழ்நாள் முழுவதும் நீடித்த பரீட்சை.

அந்தப் பரீட்சையை அவன் எழுதிய விதம் வியப்புக்குரியது. உபசம்பதா மரபு அற்றுப்போயிருந்த நாட்டிலே அதனை மீட்பதற்காக, வெலிவிட்ட சரணங்கர தேரரின் தூண்டுதலினால் சீயத்துக்குத் தூதனுப்பினான். கண்டியின் தூதுக்குழு 1750 இல் ஒல்லாந்தர் கப்பலில் புறப்பட்டு அயோத்தியா நகரை அடைந்தது. கண்டியார் அந்நியத் தலைநகரொன்றிலே விருந்தாளிகளாக நின்ற சந்தர்ப்பம் அது. பொன் வேய்ந்த விகாரைகளைப் பார்த்து அவர்கள் வியந்ததைக் குழுவில் சென்ற ஒருவர் எழுதிவைத்த குறிப்பிலே காணலாம். 1753 இல் உபாலி தேரர் தலைமையில் சீயத்துப் பிக்குகள் கண்டிக்கு வந்தனர். இன்றைய சீயம் நிக்காயம் அவ்வாறு தோன்றியது. நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் பெரஹராவிலே தந்ததாது முதலிடம் பெற்றதும் இவன் காலத்திலேதான்.

இத்தனை செய்தும் அவன் முற்றாக ஏற்றுக்கொள்ளப்பட்டானா? 1760 இல் பிரதானிகள் சிலரும் பிக்குகள் சிலரும் சேர்ந்து, அவனை நீக்கிவிட்டுச் சீயத்து இளவரசன் ஒருவனை அரசனாக்கச் சதி செய்தனர். அவன் நெற்றியில் திருநீறு பூசும் வழக்கத்தைக் கைவிடவில்லை என்பது அவன்மீது சுமத்தப்பட்ட குறைகளுள் ஒன்று. சதி வெளிப்பட்டுப் பிரதானிகள் உயிரிழந்தனர். சரணங்கர தேரரும் அதில் சம்பந்தப்பட்டிருந்தாரெனச் சொல்லப்பட்டது. ஆயினும் மன்னன் அவரைப் பின்னர் மன்னித்துச் சங்கராசர் பதவியை மீண்டும் அளித்தான்.

பைபஸ் வந்தது அதற்கு இரண்டு ஆண்டுகளின் பின்னர். அன்றிரவு சபையிலே தூதுவரை மட்டுமன்று, மன்னனையும் பல கண்கள் கவனித்துக்கொண்டிருந்தன. வந்தேறிய மன்னன் மரபிலே ஓர் அணுவும் பிசகாமல் நடக்கின்றானா என்று பார்த்த கண்கள் அவை. மரபு தூதுவரை முழந்தாளிடச் செய்தது; அதே மரபு மன்னனை அசையாமல் சிம்மாசனத்தில் இருத்தி வைத்தது. இருவரில் யார் அதிகம் கட்டுண்டிருந்தார் என்று தீர்ப்பது இலகுவன்று.

முழந்தாளிடும் சடங்கின் பின்னால் அரசியல் பொருளும் இருந்தது. ஒல்லாந்தர் ஆண்டுதோறும் கண்டிக்குத் தூதுவரை அனுப்பி, பரிசில்கள் வைத்து, முழந்தாளிட்டு, மன்னனின் நிலத்திலே கறுவா உரிக்க அனுமதி கேட்டனர். கரையோரமும் தன்னுடையது, ஒல்லாந்தர் அதன் காவலர் மாத்திரமே என்பது கண்டியின் நிலைப்பாடு. ஒல்லாந்தருக்கு அது கறுவாவுக்காகச் சகித்துக்கொண்ட கூத்து. ஒரே சடங்கை இரு தரப்பாரும் இரு விதமாக வாசித்தனர். அந்த இரட்டை வாசிப்பு நிலைத்திருக்கும்வரை சமாதானமும் ஓரளவு நிலைத்திருந்தது.

1765 இல் ஆளுநர் வான் எக் படையோடு வந்து கண்டியைக் கைப்பற்றிச் சூறையாடினார். ஆங்கிலேயரின் உதவி வரவில்லை. பைபஸின் தூதுக்குப் பின் கம்பனி மறுமொழியே அனுப்பவில்லை. ஐரோப்பாவில் ஒல்லாந்தரோடு சமாதானமாயிருந்த வேளையில் வீண் பகை வேண்டாமென்பது அவர்களின் கணக்கு. 1766 பெப்ரவரியில் ஆளுநர் ஃபல்க்குடன் செய்த உடன்படிக்கையின்படி கண்டி அரசு கரையோரம் முழுவதன் மீதும் உரிமையை இழந்தது. தூதுவர்கள் முழந்தாளிடும் சடங்கும் அதே உடன்படிக்கையால் நீக்கப்பட்டது. கடலும் சடங்கும் ஒரே கையெழுத்தில் போயின. சடங்கென்று நாம் சிரிப்பது சில வேளைகளில் ஒரு நாட்டின் உரிமைப் பத்திரமாக இருக்கும்.

1782 இல் சென்னையிலிருந்து ஹியூ பொயிட் என்ற இன்னொரு தூதுவர் வந்தார். ஆங்கிலேயர் திருகோணமலையைக் கைப்பற்றியிருந்த நேரம் அது. கீர்த்தி ஸ்ரீ காலமாகி அவன் தம்பி இராஜாதி இராசசிங்கன் அரசேறியிருந்தான். தம்மை அழைத்துச் சென்ற பிரதானிகள் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து விழுந்து எழுந்ததைப் பொயிட் நகைச்சுவையோடு எழுதியுள்ளார். ஆனால், காரியம் கைகூடவில்லை. 20 ஆண்டுகளுக்கு முன் வந்த தூதுக்கு என்ன நடந்தது என்று சபை கேட்டது. பேசுவதானால் இங்கிலாந்து மன்னரே கடிதம் எழுதட்டும் என்றது. வெறுங்கையோடு திரும்பிய பொயிட் வழியிலே பிரெஞ்சுக்காரரிடம் சிறைப்பட்டார். விருந்தாளிகள் சடங்கை மாத்திரம் நினைவில் வைத்திருந்தார்கள். கண்டியோ மறுமொழி வராத கடிதத்தை நினைவில் வைத்திருந்தது.

இறுதியாக ஒருவர். 1801 இல் இலங்கைக்கு வந்த ஜோன் டொயிலி. இவர் திகைத்து நிற்கவில்லை. மாத்தறையிலே பிக்கு ஒருவரிடம் சிங்களம் கற்றார். பிரதானிகளுக்கு எழுதும்போது எந்த மரியாதைச் சொல் யாருக்குரியது என்பதை அறிந்துகொண்டார். வணிகர், பிக்குகள், வழிப்போக்கர் மூலமாக மலைநாட்டின் உட்பூசல்களை நாள்தோறும் திரட்டினார். அவரது நாட்குறிப்பு இன்றும் கிடைக்கின்றது. 1815 பெப்ரவரியில் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் பிடிபட்டான். மார்ச் 2 ஆந் திகதி மகுல் மடுவையிலே உடன்படிக்கை வாசிக்கப்பட்டது. கண்டியின் கடைசி மன்னன் 1816 சனவரியில் கப்பலேற்றப்பட்டு வேலூருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1832 இல் அங்கேயே இறந்தான். அவனது முன்னோர் வந்த தமிழகம். ஆயினும் அவனுக்கு அது அந்நிய மண்.

போர்த்துக்கேயரின் பீரங்கியாலும் ஒல்லாந்தரின் படையாலும் நிரந்தரமாகப் பிடிக்க முடியாத நகரத்தை, அதன் மொழியையும் மரியாதையையும் கற்றுக்கொண்ட ஒருவர் உள்ளிருந்து திறந்துவிட்டார். பிரதானிகளின் அதிருப்தியும் மன்னனின் கொடுமைகளும் அதற்கு வழிசெய்தன என்பதும் உண்மை. எனினும், ஒரு பண்பாட்டை அறிந்துகொள்வது எப்போதும் நட்பின் அடையாளம் என்று எண்ணிவிடலாகாது. கீர்த்தி ஸ்ரீயும் கண்டியைக் கற்றான், டொயிலியும் கற்றார். கற்றவன் ஒருவன் அந்த நகரத்துக்கு உழைத்தான். கற்ற மற்றவர் அதன் அரசை முடித்துவைத்தார். திகைப்பு நீங்கிய பின்னர் ஒருவர் என்ன செய்கின்றார் என்பதே அவரை அளக்கும் கோல்.

தலதா மாளிகைக்குப் பக்கத்திலுள்ள ஆங்கிலேயரின் பழைய மயானத்திலே டொயிலியின் கல்லறை இருக்கின்றது. நான் அங்கு சென்ற நாளிலே மாளிகை வாசலில் வெளிநாட்டுப் பயணிகள் வரிசையாக நின்று பாதணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். எவர் முகத்திலும் அவமானம் தெரியவில்லை. சிலர் வெறுங்காலிலே குளிர்ந்த கல்லை மிதித்து மகிழ்ந்தார்கள். பைபஸுக்குச் சுமையாயிருந்தது இவர்களுக்கு இன்பமாகிவிட்டது. ஏனெனில் இப்போது அதனால் எவரும் எதையும் இழப்பதில்லை, எவரும் எதையும் பெறுவதுமில்லை. அந்தக் கல்லிலே ஒரு காலத்தில் ஒரு நாட்டின் கடலும் கறுவாவும் மானமும் தங்கியிருந்தன என்பதை அவர்களுக்குச் சொல்லக்கூடிய ஒரு வழிகாட்டி வாய்த்தால், அவர்களது பயணம் இன்னும் பொருளுடையதாகும். நேயர்களே, நீங்கள் அடுத்த முறை கண்டிக்குப் போகும்போது பாதணியைக் கழற்றும் அந்தக் கணத்தில் சற்று நின்று பாருங்கள்.